மேற்குக் கதவுக்கு ஓர் ஆள்

அந்தத் தீப்பாதுகாப்பு விதிகளை எழுதியவர்கள் கடலைப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்க வேண்டும். தீயணைப்பு உருளைகளை உப்புக்காற்று அரித்திருக்கிறதா என்று மாதந்தோறும் பார்க்கச் சொன்னது ஒரு விதி. புயல் எச்சரிக்கை வந்ததும் தண்ணீர் பம்பை எவ்வளவு உயரத்தில் தூக்கி வைக்க வேண்டும் என்று சொன்னது இன்னொன்று. எங்கோ ஒரு துறைமுக நகரத்தில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்று எரிந்து பலர் இறந்துபோனார்கள். அதன் பிறகு, அங்கே சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒன்றுகூடி அந்த நகரத்துக்கென்று எழுதிய புத்தகம் அது. இப்போது அதே கம்பெனிகள், திருப்பூரில் பனியன் வாங்குவதென்றாலும் இதே விதிகள்தான் என்று சொல்லிவிட்டன.

"நொய்யல்லயே தண்ணியக் காணோம். கடலு எந்தப் பக்கமிருந்துங்க வரும்?" என்று முதலிபாளையம் தொழிற்பேட்டைச் சங்கக் கூட்டத்தில் யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் வெள்ளியங்கிரி மட்டும் சிரிக்காமல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு வரி இருந்தது. உள்ளூர் நிலைமை வேறாக இருந்தால், காரணத்தை விளக்கி விதியைத் திருத்திக்கொள்ளலாம்.

"காரணம் சொல்றதுக்கு ஒரு ஆளப் புடிங்க" என்றார்.

பிடித்த ஆள் சித்ரகலா. ராயபுரத்துப் பெண். தீப்பாதுகாப்பில் டிப்ளமோ முடித்து, கோவையில் சில மில்களில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். அவள் அம்மா வேலாத்தாள் அதே தொழிற்பேட்டையில், பூபாலன் என்பவரின் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்தாள். தைத்து வரும் உருப்படியை விளக்கடியில் புரட்டி, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. மகளைப் படிக்கவைத்தது அந்த வேலைதான்.

சித்ரகலாவுக்கு அந்தப் புத்தகம் பிடித்திருந்தது. அதை எழுதியவர்கள் தங்கள் ஊரை நன்றாகக் கவனித்திருந்தார்கள். கடற்கரையில் காற்று ஒரே நாளில் இரண்டு பக்கம் வீசும். பகலில் கடலைவிட நிலம் சீக்கிரம் சூடாகும். நிலத்தின் மேலிருக்கும் காற்று லேசாகி மேலே போக, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். இரவில் நிலம் சீக்கிரம் ஆறிவிடுவதால் காற்று திரும்பிப் போகும். அதனால் அங்கே எந்தக் கதவும் நாள் முழுக்க ஒரே பக்கமிருந்து அடி வாங்குவதில்லை. காற்றில் ஈரம் இருப்பதால் பஞ்சுத் தூசியும் கனத்துத் தரையில் படிந்துவிடும், கூட்டி அள்ளினால் போதும்.

திருப்பூர்க் காற்றுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மேற்கே மலைத்தொடர் சுவர்போல நிற்கிறது. அந்தச் சுவரில் பாலக்காட்டுப் பக்கம் ஒரே ஒரு பெரிய இடைவெளி. தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும் அல்லவா, அப்படித்தான் அந்த இடைவெளிக்குள் நெருங்கி நுழைந்த பருவக்காற்று இந்தப் பக்கம் பீறிட்டு வரும். ஆனி, ஆடி, ஆவணி முழுக்க மேற்கிலிருந்துதான் வரும். ராத்திரியும் திரும்பாது. வழியிலேயே மழையை மலைக்குக் கொடுத்துவிட்டு வருவதால் வறண்ட காற்று. பஞ்சுத் தூசி அதில் படியாது, மிதக்கும்.

புத்தகத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த விதி கதவைப் பற்றியது. ஒவ்வொரு தளத்துக்கும் எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு வழிகள் வேண்டும், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், பூட்டக் கூடாது, கட்டக் கூடாது. இவ்வளவுதான். உள்பக்கமாகத் திறக்கும் கதவை, பயந்து ஓடிவரும் கூட்டம் தன் உடம்பாலேயே அடைத்துவிடும். முன்னால் நிற்பவர் இழுக்க நினைத்தாலும் பின்னால் இருப்பவர்கள் விடமாட்டார்கள். வெளியே திறக்கும் கதவு அந்த நெருக்கலையே சாவியாக்கிக்கொள்ளும். இதில் திருத்த என்ன இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள், பூபாலன் கம்பெனியின் மாடிக்குப் போகும்வரை.

மாடியில் ஒரே நீளமான கூடம். கிழக்குக் கோடியில் பெரிய படிக்கட்டு, அதையொட்டி மின்சாரப் பெட்டிகள். மேற்குக் கோடியில் ஓர் இரும்புக் கதவு. அதைத் திறந்தால் வெளியே ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இரும்புத் தட்டு, அங்கிருந்து கீழே இறங்கும் ஒடுக்கமான இரும்புப் படி. அந்தக் கதவின் கைப்பிடியை, ஜட்டிக்கு வைக்கும் கழிவு எலாஸ்டிக்கால் ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள் வேலாத்தாள்.

"அம்மா, என்ன பண்ற?"

"பாத்தாத் தெரியல? கதவக் கட்டறன்."

"அது அவசர வழி. கட்டவே கூடாது."

"அப்படீங்களா ஆப்பீசரம்மா? சரி, அவுத்துப்போட்டன். நீ சித்த நேரம் இங்க உக்காரு."

சித்ரகலா உட்கார்ந்தாள். காற்று அழுத்தியபோது கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு விம்மியது. காற்று ஒரு கணம் விட்டபோது தானே திறந்து வெளியே பறந்தது. அடுத்த வீச்சில் திரும்பி வந்து, கூடமே அதிரும்படி அறைந்தது. ஒவ்வொரு முறை அறைந்தபோதும் ஒரு பிடி தூசி உள்ளே வந்தது. மேசைமேல் அடுக்கியிருந்த வெள்ளைக் குழந்தைச் சட்டைகள் பறந்து போய் மெஷினடியில் விழுந்தன. தரையில் விழுந்த வெள்ளை உருப்படி அழுக்கு, அழுக்கான உருப்படி கழிவு.

பக்கத்து மேசையில் இருந்த மருதம்மாள், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், குனிந்து பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஏ யக்கா, ஒங்க மக புண்ணியத்துல இன்னைக்குப் பூராவும் பீசு பொறுக்கலாம். ஆபீசரம்மாவும் ஒரு கை குடுப்பாகளா?"

"அவ சட்டந்தான் பொறுக்கும். சட்டத்த வரச் சொல்லு" என்றாள் வேலாத்தாள். சுற்றிலும் சிரிப்பு. மகளையும் அது தொற்றிக்கொண்டது.

சிரித்து முடித்ததும் அவள் எலாஸ்டிக்கை எடுத்துப் பார்த்தாள். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. வியர்த்த விரலால் அவசரத்தில் அவிழ்க்க முடியாது. காற்றை நிறுத்தாமல், கட்டாதே என்று சொல்லி மட்டும் பயனில்லை. இவர்கள் அலட்சியத்தால் கட்டவில்லை. வேலை செய்ய வேண்டுமென்றால் கட்டித்தான் ஆக வேண்டும்.

வழி கீழே, கழிப்பறைப் பக்கத்தில் கிடைத்தது. அங்கும் கதவு மேற்கைப் பார்த்துத்தான் இருந்தது, ஆனால் அறைந்துகொள்ளவில்லை. மறைவுக்காகக் கதவின் முன்னால் இரண்டடி தள்ளி ஒரு தனிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். அதே போல மாடிக் கதவுக்கும் ஒன்று வைத்தால்? இரும்புத் தட்டை இரண்டு மூன்று பேர் நிற்கும் அளவுக்கு அகலப்படுத்தி, அதன் வெளி விளிம்பில் ஒரு தடுப்பு. முழுத் தடுப்பு கூடாது. முழுச் சுவரில் மோதும் காற்று அதன்மேல் ஏறிக் குதித்து, பின்பக்கம் சுழித்துக்கொண்டு கதவையே பிடித்து ஆட்டும். ஓட்டை போட்ட தகடு என்றால், காற்றில் பாதி ஓட்டைகள் வழியாக நுழைந்து களைத்துப்போய் வரும், சுழிப்புக்கு இடமிருக்காது. தட்டு அகலமானால் இன்னொரு லாபமும் உண்டு. கதவு விரியும் இடம் வேறு, ஆள் நிற்கும் இடம் வேறு என்று ஆகிவிடும்.

"கக்கூஸ் செவுரு" என்றாள் வேலாத்தாள், மகள் படம் வரைந்து காட்டியதும்.

"காத்துத் தடுப்பும்மா."

"பேரு என்னவோ. வேலை ஒண்ணுதான?"

வெல்டிங் கடைக்காரர் ஒருவரைப் பிடித்து, சாரக் குழாய்களை நட்டு, சல்லடைத் தகட்டைக் கட்டி, சோதனைக்காக ஒன்று செய்து பார்த்தாள். கதவின் கைப்பிடியில் ஒரு பனியன் துணி நாடாவைத் தொங்கவிட்டாள். வெளியே தென்னை மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஊளையிட்டுக்கொண்டிருந்தன. நாடா மட்டும் அசையாமல் தொங்கியது. செக்கிங் பெண்கள் எல்லோரும் எழுந்து வந்து அந்த நாடாவைப் பார்த்தார்கள். மருதம்மாள் வாயால் ஊதி அதை ஆட்டிவிட்டுப் போனாள். வேலாத்தாள் எலாஸ்டிக்கைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, "இதுக்கு இன்னைக்கு லீவு" என்றாள். அன்று சாயங்காலம்வரை கதவு கட்டப்படாமலே இருந்தது. கட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பூபாலன் வந்து பார்த்தார். நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர், தொழிலாளர் வீட்டு விசேஷங்களுக்குத் தவறாமல் வருபவர். நாடாவைத் தொட்டுப் பார்த்து, "அருமைங்க மேடம்" என்றார். பிறகு கீழே குனிந்து, லாரி வந்துபோகும் மேற்குச் சந்தில் நட்டிருந்த குழாய்களைப் பார்த்தார். "லாரி எப்புடிங்க திரும்பும்?"

சங்கத்தின் அறையில் திருத்தக் கூட்டம் நடந்தது. வெள்ளியங்கிரி, பூபாலன், வேறு சில முதலாளிகள், ஆலோசனைக்கென்று அழைத்திருந்த ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி. சித்ரகலா கடற்கரைக் காற்றில் ஆரம்பித்து, கணவாய், கதவு, எலாஸ்டிக் முடிச்சு, ஓட்டைத் தகடு எல்லாவற்றையும் படம் போட்டு விளக்கினாள். அவர்கள் நன்றாகக் கவனித்தார்கள். நடுவில் கேள்விகூடக் கேட்டார்கள். அவளுக்கு உற்சாகமாக இருந்தது.

"கட்டடத்தச் சுத்தி விட வேண்டிய காலியிடத்துல எந்தக் கட்டுமானமும் கூடாதும்மா" என்றார் அதிகாரி. "தீயணைப்பு வண்டி சுத்தி வரணும்."

"அந்தச் சந்துல இப்பவே ஜெனரேட்டர் நிக்குதுங்க சார். லாரி நிக்குது. வண்டி எப்படி வரும்?"

"அது தனி விஷயம். நீங்க கேக்கறது தூண். தூணுக்கு நான் சரின்னு சொல்ல முடியாது."

"சரக்கு வாங்கற பையர் வர்றப்ப கூட்டீட்டுப் போய் என்னத்தக் காட்டறது? மாடியில ஒரு கக்கூஸ் செவுருன்னா?" என்றார் ஒரு முதலாளி. பெயர் அதற்குள் சங்கம்வரை வந்திருந்தது. சிரிப்பு அடங்கும்வரை பூபாலன் காத்திருந்தார்.

"சிரிக்காதீங்க. மேடம் சொல்றது நூத்துக்கு நூறு நெசமுங்க. நம்ம காத்து வேற, அவங்க காத்து வேற. இத்தன வருசத்துல யாராவது இதை இப்படி எடுத்துச் சொன்னாங்களா? இந்த வெளக்கத்த அப்படியே எழுதீரலாம். ஒரு வார்த்தை மாத்த வேண்டாம்." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அதனால, காத்து மாசத்துல மட்டும், மேற்குக் கதவச் சாத்தி வெச்சுக்கலாம்னு போட்டுக்குவோம். சாவி போட்டு. சும்மா இல்லீங்க, சாவிக்கு ஒரு பொறுப்பான ஆளு. தீன்னா அந்த ஆளு தொறந்துடோணும்."

"ஒத்திகை?" என்று கேட்டார் வெள்ளியங்கிரி.

"அதையும் காத்தில்லாத மாசத்துல வெச்சுக்கலாமுங்க. தை, மாசி."

சித்ரகலா கையிலிருந்த படங்களைப் பார்த்தாள். அவள் கதவைத் திறக்கச் சொன்ன அத்தனை காரணங்களும் அப்படியே, வரிசை மாறாமல், கதவைப் பூட்டுவதற்கான காரணங்களாகிவிட்டன.

"கதவத் தொறக்கக் கஷ்டமான மாசத்துலதாங்க ஒத்திகை வேணும். சாவியோட ஒரு ஆள் நிக்கறதுக்கு, அந்த எலாஸ்டிக்கே பரவால்லீங்க. கத்தரிக்கோலாவது வெட்டும்."

"கண்ணு" என்றார் வெள்ளியங்கிரி, மெதுவாக. "அடுத்த மாசம் பையரோட ஆளு ஆடிட்டுக்கு வர்றான். கட்டின கதவப் பாத்தா மாடிய மூடச் சொல்லுவான். மூடினா ஆர்டரு வேற ஊருக்குப் போயிரும். உங்கம்மாவும் அந்த மாடியிலதான உக்காந்திருக்கறாங்க? இது மொத அடி. செவுர அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அவள் விடவில்லை. கடைசியில் ஒன்றை மட்டும் வாங்கினாள். சாவி வைத்திருப்பவர் வேலை நேரம் முழுக்கக் கதவருகே இருக்க வேண்டும் என்று எழுத வேண்டும்.

"தாராளமா" என்றார் பூபாலன். "எங்க கம்பெனிக்கு ஆளு ரெடி. உங்கம்மாவையே போட்டர்லாம். அவங்களவிட நம்பிக்கையான ஆளு எனக்கு எங்கீங்க கெடைக்கும்?"

அச்சாகி வந்த புத்தகத்தில் காற்றைப் பற்றிய விளக்கம் அவள் சொன்னபடியே இருந்தது. அவள் பெயரும் இருந்தது. 'கதவருகே' என்பது மட்டும் 'வளாகத்தில்' என்று மாறியிருந்தது. வெள்ளியங்கிரியைப் போனில் பிடித்துக் கேட்டாள்.

"சாப்பாட்டுக்கு, பாத்ரூமுக்குப் போகோணுமல்ல கண்ணு? நடைமுறைக்கு ஒத்து வரோணும்னு மாத்தினாங்க. ஒரு வார்த்தைக்காக மறுக்காவும் எல்லாத்தையும் கூட்ட முடியுமா?"

சல்லடைத் தகடும் குழாய்களும் வெல்டிங் கடைக்குத் திரும்பிப் போயின. மேற்குக் கதவுக்கு இரண்டு பக்கமும் சாவி போடும் பூட்டு ஒன்று வந்தது. வேலாத்தாளுக்கு ஓர் ஆரஞ்சுச் சட்டை கொடுத்தார்கள். முதுகில் 'அவசர வழிப் பொறுப்பாளர்' என்று அச்சடித்திருந்தது.

"யக்கா, நாலு வழிச் சாலைக்கு வேலைக்குப் போறீகளா?" என்று கேட்டாள் மருதம்மாள்.

"போடி. நாளைக்குத் தீப்புடிச்சா என்ற காலுலதான் விழோணும் நீயி" என்று சொல்லிச் சாவியைத் தாலிக்கொடி பக்கத்தில் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று சட்டையைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் கம்பெனி அவளுக்குக் கொடுத்த முதல் பதவி.

"அம்மா, எங்க கூப்புட்டாலும் கதவ உட்டுட்டுப் போகாத."

"சூப்பர்வைசர் கூப்புட்டா?"

"போகாத."

"சரி அம்மிணி" என்றாள், எல்லாத் தாய்மார்களும் சொல்லும் அந்தச் சரியை.

ஆடி பிறந்தது. கதவு பூட்டியிருந்ததால் கூடத்துக்குள் தூசி வரவில்லை. உள்ளே இருக்கும் தூசி வெளியே போகவுமில்லை. சாயங்காலமானால் எல்லாக் கம்பெனிகளையும்போல அங்கும் 'ஏர் பிடிப்பார்கள்'. அழுத்தக் காற்றுக் குழாயால் மெஷின்மேல் இருக்கும் பஞ்சை ஊதித் தள்ளுவார்கள், பிறகு தங்கள் தலையையும் சேலையையும் ஊதிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவார்கள். ஊதிய பஞ்சு மறைந்துவிடுவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவுதான். குழல் விளக்கின் முதுகு, வயர் ஓடும் தட்டு, மின்சாரப் பெட்டியின் தலை என்று யார் கையும் எட்டாத இடங்களில் போய் மெத்தைபோல உட்காரும். ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும் என்று சித்ரகலா ஒரு விதி எழுதியிருந்தாள். அதை யாரும் எதிர்க்கவில்லை. கடைப்பிடிக்கவுமில்லை.

தீப்பிடித்த அன்று அவள் ஊத்துக்குளியில் ஒரு கம்பெனியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். போன் வந்து, ஆஸ்பத்திரிக்கு ஓடி, வராந்தாவில் கரிபிடித்த முகத்தோடு உட்கார்ந்திருந்த மருதம்மாளைப் பார்த்த பிறகுதான் என்ன நடந்தது என்று தெரிந்தது.

"சாப்பாடு முடிஞ்சு உக்காந்தோம். கெழக்க பெட்டியில சடசடன்னு பொறி. அப்புறம் மேல அந்தப் பஞ்சுல ஒரு கோடு மாதிரி தீ ஓடுச்சு. அம்புட்டுதான், படிக்கட்டுப் பக்கம் போக முடியல. எல்லாரும் மேக்க ஓடுனோம். பூட்டியிருக்கு. யக்காவத் தேடுறோம், யக்கா இல்ல."

"எங்க போனாங்க?"

"கீழ பேக்கிங்ல ஆள் பத்தலன்னு காலையிலயே கூட்டிட்டுப் போயிட்டாக. அர்ஜெண்டு சிப்மெண்டாம். சாவி யக்கா கழுத்துல."

வேலாத்தாள் கீழேயிருந்து புகையைப் பார்த்திருக்கிறாள். மற்றவர்கள் கேட்டைப் பார்த்து ஓட, அவள் ஒருத்தி மட்டும் மேற்குச் சந்துக்கு ஓடி, காற்று முகத்தில் அறைய, அந்த ஒடுக்கமான இரும்புப் படியில் ஏறியிருக்கிறாள். ஒரே ஒரு ஆள் நிற்கும் தட்டில் நின்று, கழுத்திலிருந்த சாவியைக் கழற்றாமலே குனிந்து பூட்டில் போட்டுத் திருப்பியிருக்கிறாள்.

பூட்டு திறந்தது. கதவு உடனே திறக்கவில்லை. வெளியேயிருந்து காற்று முழுப் பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அத்தனை பெண்களும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் சமமாக இருக்கும்வரை கதவு அசையாது. பிறகு காற்று, எப்போதும்போல, ஒரு கணம் விட்டது. அந்தக் கணத்தில் உள்ளேயிருந்தவர்களின் மொத்தத் தள்ளலும் எதிர்ப்பில்லாமல் கதவின்மேல் இறங்க, கதவு பறந்தது. ஒதுங்கி நிற்க வேலாத்தாளுக்கு அந்தத் தட்டில் இடமில்லை.

"யக்காவத் தாண்டித்தான் எறங்கினோம்" என்றாள் மருதம்மாள். "கீழ கெடந்தாக. 'பைய எறங்குங்கடி'ன்னு சொன்னாக."

மாடியிலிருந்த எல்லோரும் பிழைத்தார்கள். சிலருக்குப் புகையால் மூச்சுத் திணறல், ஓரிரு நாளில் சரியாகிவிட்டது. வேலாத்தாளுக்கு முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் சொன்னார்.

சங்கத்தின் சார்பில் விசாரணைக்கு வந்தவர் அதே ஓய்வுபெற்ற அதிகாரிதான். காற்று மாதத்தில் மேற்குக் கதவு பூட்டியிருந்தது, விதிப்படி. சாவி பொறுப்பாளரிடம் இருந்தது, விதிப்படி. அவர் வளாகத்தில் இருந்தார், வந்து திறந்தார், உயிரிழப்பு இல்லை. யாரும் எதையும் மீறவில்லை. சித்ரகலா பேக்கிங்கைப் பற்றிக் கேட்டாள், தட்டின் அகலத்தைப் பற்றிக் கேட்டாள், தகட்டின் படத்தை மறுபடியும் எடுத்து நீட்டினாள். "உங்க விதி வேலை செஞ்சிருக்கும்மா. நீங்க சந்தோஷப்படணும்" என்றார் அவர். அவர் கேலி செய்யவில்லை.

சுதந்திர தினத்தன்று சங்கத்தில் வேலாத்தாளுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவளால் போக முடியாததால் பூபாலன் வீட்டுக்கே கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அவர்தான் பார்த்திருந்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நிஜமாகவே கண்கலங்கினார். அவர் கையிலிருந்த ஆரஞ்சுப் பழப் பையை வாங்கி வைக்க எழுந்தபோது, சித்ரகலா ஒன்று கேட்டாள்.

"இப்ப சாவி யாருகிட்டங்க இருக்குது?"

"மருதம்மாகிட்டங்க மேடம். உங்கம்மா பழக்கின ஆளு."

"அந்தத் தட்டு?"

"பெயிண்ட் அடிச்சாச்சுங்க."

ஆவணி கடைசியில் வெள்ளியங்கிரி வந்தார். காற்று இன்னும் தணியவில்லை. வீட்டுக்குப் பின்னால் குளியலறையின் தகரக் கதவு அடித்துக்கொண்டிருந்தது. டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அவர் விஷயத்தைச் சொன்னார். அந்தத் துறைமுக நகரத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அங்கே புயல் காலத்தில் கடலைப் பார்த்த கதவுகள் பெரும் தொல்லையாம். திருப்பூரில் பொறுப்பாளர் முறை உயிர்களைக் காப்பாற்றியதைக் கேள்விப்பட்டு, அதே விதியைத் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள நினைக்கிறார்கள். விளக்கிச் சொல்லத் திருப்பூரிலிருந்து ஓர் ஆள் வேண்டும்.

"கடக்கரைக்காரங்களே நம்மளக் கேக்கறாங்க கண்ணு" என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. "காத்தப் பத்தி உன்னாட்ட யாரு சொல்லுவாங்க?"

"நான் வந்தா தகட்டப் பத்தித்தானுங்க சொல்லுவன். பூட்டு வேண்டாம்னு சொல்லுவன்."

வெள்ளியங்கிரி டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்க கேட்டது பொறுப்பாளரப் பத்தி கண்ணு. தகட்டப் பத்திக் கேக்கல. நீ வரலீன்னா பூபாலன் போறேங்கறாரு."

கட்டிலிலிருந்து வேலாத்தாள் தலையைத் திருப்பினாள். அவள் தலைமாட்டில் கேடயம் இருந்தது, அதன்மேல் ஆரஞ்சுச் சட்டை மடித்து வைத்திருந்தது.

"போயிட்டு வா அம்மிணி. அங்கயும் நாலு புள்ளைக பொழைக்கட்டும்."

"அம்மா, அது..."

"நீ எழுதின சட்டந்தான? நல்ல சட்டம். நான் தொறக்கலீன்னா அத்தன பேரும் உள்ளயே போயிருப்பாளுக."

சித்ரகலா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கதவுக்கு முன்னால் ஒரு தகடு இருந்திருந்தால் சாவியே வேண்டியிருக்காது, நீ ஏறியிருக்கவே வேண்டாம் என்பதை எவ்வளவு எளிதாக விளக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். படம் போட்டால் அம்மாவுக்கு உடனே புரியும். கக்கூஸ் செவுரு என்று முதலில் புரிந்துகொண்டவளே அவள்தான். புரிந்த பிறகு அந்தக் கட்டிலில் அவளிடம் என்ன மிஞ்சும் என்பதும் சித்ரகலாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் எதையும் விளக்கவில்லை.

"அங்க சாவிய யாரும்மா வெச்சிருப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"என்னாட்ட ஒருத்தி இல்லாமயா போயிருவா?" என்றாள் வேலாத்தாள்.

வெள்ளியங்கிரி அதைக் கேட்டுத் தலையசைத்தார். பின்னால் தகரக் கதவு மறுபடியும் அறைந்தது.

"காலையிலருந்து உசிரெடுக்குது. அதப் போயிக் கட்டு சாமி" என்றாள் வேலாத்தாள். தலையணைக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, சுருட்டி வைத்திருந்த பழைய எலாஸ்டிக்கை எடுத்து நீட்டினாள்.

சித்ரகலா அதை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள்.